மிச்சச் சிவப்பு

ஆலையை மூடியபோது
சம்பள பாக்கிக்கு ஈடாக
வெல்டர்களுக்கு எனாமல் வாளிகள் கிடைத்தன.
பதாகைப் பிரிவில் நான் ஒருவன்தான்.
எனக்குச் சிவப்பு கொடுத்தார்கள்.
பதினொரு டின்.
மே தினத்துக்கென்று வாங்கி
மே தினமே வராமல் போன சிவப்பு.
கூடவே ஓரம் உப்பிய ஒட்டுப்பலகைகள்,
ஒவ்வொன்றிலும் நான் வரைந்த
அதே தொழிலாளி, அதே தாடை.

இவ்வளவு சிவப்பை வைத்துக்கொண்டு
ஒருவன் என்ன செய்வான்?
காமா நதி சிவப்பில்லை.
பெர்ம் நகரத்து வானம்
நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை
பாத்திரம் கழுவிய தண்ணீர்.

பிறகுதான் பார்த்தேன்,
ரயில் நிலையச் சுரங்கப்பாதையில்
நைலியாவின் கைகளை.
காலி பாட்டில் பொறுக்குகிறவள்.
உறைநிலைக்கு இருபத்தேழு டிகிரி கீழே
கையுறையின் விரல்நுனிகளை அவளே வெட்டியிருந்தாள்.
விரிசலைத் தடவித்தான் அறிய முடியுமாம்;
விரிசல் விட்ட பாட்டிலைக்
கடைக்காரன் எடுக்க மாட்டானாம்.
அந்த விரல்கள்.
முப்பது வருடம் கொடிகளில் கொட்டிய நிறம்
அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

பலகையைத் திருப்பினேன்.
தாடை சுவர்ப்பக்கம் போயிற்று.
இந்தப் பக்கம்
நைலியா வந்தாள்.
ஆர்ஹிப்பின் மூக்கு வந்தது, காது மடல்கள் வந்தன
("உட்கார்ந்தால் கால் லிட்டர்,
அசையாமல் உட்கார்ந்தால் அரை" என்று பேரம் பேசினான்).
இனெஸ்ஸா வந்தாள்,
பள்ளியில் வடிவியல் நடத்தியவள்,
இப்போது சிகரெட்டை ஒற்றை ஒற்றையாக விற்கிறாள்,
அட்டைப்பெட்டி மேல் அவற்றை
சம இடைவெளி விட்டு அடுக்கிவைத்து.
பசை முகரும் கேஷா மட்டும்
தன் முகம் வேண்டாம் என்றான்.
முதுகை வரைந்தேன்.

"மனிதர்களை வரையக் கூடாதா?" என்றாள்
மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரி.
கலாச்சார மாளிகை இயக்குநர்
மூக்கருகே கைக்குட்டையோடு நின்று பார்த்தார்.
நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால்
மாட்டினால் நாற்றம் வரும் என்றார்.
வண்ணத்தைச் சொன்னாரா
அவர்களைச் சொன்னாரா,
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜனவரியில் ஆர்ஹிப் வந்தான்.
நகருக்குச் சூடு கொண்டுபோகும் குழாய்கள்
ஓரிடத்தில் மண்ணைவிட்டு மேலே எழும்பும்.
அந்தப் பள்ளத்தில்தான் அவர்கள் நால்வரும்.
இரும்பு மூடியை எவனோ
பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான்.
"காற்று உள்ளே வருது. பெரிய பலகை ஒண்ணு குடு.
எங்க படம் இருக்கறதே குடு,
அதுக்கு ஏற்கெனவே எங்களைப் பழக்கம்."

இருவரும் தூக்கிக்கொண்டு போனோம்.
வழுக்கியது. இரண்டு முறை விழுந்தோம்,
ஒரு முறை சிரித்தோம்.
பள்ளத்தருகே போனதும் வாக்குவாதம்:
எந்தப் பக்கம் உள்ளே?
நான் சொன்னேன், முகங்கள் உள்ளே,
வெளியே இருந்தால் பனியில் வண்ணம் உரியும்.
நைலியா ஒத்துக்கொள்ளவில்லை.
"எங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு
நாங்க தூங்கணுமா?
அந்தத் தாடைக்காரன் உள்ளே வரட்டும்.
அவன் ஒருநாளும் குளிர்ல நின்னதில்லை, பாவம்."

ஆக, தொழிலாளி உள்ளே போனான்.
அவன் தோளில் சாய்ந்து
நீராவிக்குள் அவர்கள் தூங்கினார்கள்.
நால்வரும் தெருவைப் பார்த்து நின்றார்கள்,
கேஷா மட்டும் திரும்பி.

மறுநாள் காலை
ஐந்தாம் எண் டிராலிபஸ்ஸில் ஏறினேன்.
ஜன்னலெங்கும் உறைபனி.
பள்ளம் வந்தபோது
ஒரு ஆள் நாணயத்தால் கண்ணாடியைச் சுரண்டினான்,
ஒரு கண் அளவு.
பார்த்தான். இன்னும் கொஞ்சம் சுரண்டினான்.
பின்சீட்டில் யாரோ
"அது யாரு?" என்று கேட்டார்கள்.
உயிரோடு அங்கே கிடந்த இரண்டு வருடமும்
ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

கடைசி நிறுத்தம் வரை போனேன்.
திரும்ப அதிலேயே வந்தேன்.
மூன்றாம் முறை மாட்டிக்கொண்டேன்:
சீட்டு இல்லை, அபராதம்.
பரிசோதகி கையை நீட்டினாள்.
வெடித்த முட்டிகள்,
நகத்தைச் சுற்றிப் பிளந்த தோல்.

இன்னும் நான்கு டின் இருக்கிறது.